சுண்ணாம்பு பூசிய பங்கு

கொழும்புக்குப் பக்கத்தில் கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்து, கொட்டாஞ்சேனையில் கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் கரி படிந்ததே, அந்த வருஷம்தான் மச்சான், நீயும் நானும் விறகு வெட்டப் புத்தளப் பக்கம் போனது. இன்றைக்குக் கீழ்வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த வாசம் படியேறி வந்து என்னைச் சும்மா இருக்க விடவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

நம்முடைய முதலாளி விறகு விற்ற விறகுகாலையில் சுண்ணாம்புக் கோடு போட்ட கட்டை என்றால் விலைப்பட்டது, ஏற்றலாம் என்று அர்த்தம். அந்த ஊர்க் காட்டில் அது வெட்டக்கூடாத மரம். யார் நமக்குச் சொன்னார்கள்? போன அன்றைக்கே வெள்ளை பூசிய பாலை மரமாகப் பார்த்து நீ கோடரியைப் போட்டாய்.

காட்டுக்குப் பொறுப்பாக இருந்த சோமாவதி ஓடி வந்தாள். ஊர்ச் சனம் காட்டைப் பங்கு பங்காகப் பிரித்து வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு பங்குதான் விறகுக்கு. அதிலும் விதை போடுகிற மரங்களைச் சுண்ணாம்பு பூசி விட்டுவிடுவார்கள். மற்றப் பங்குகளில் தேன், பாலைப்பழம். அதில்தான் அவர்கள் வீட்டு உலை கொதித்தது.

"அம்மா கஹ, மல்லி," என்றாள், விழுந்ததைத் தடவிக்கொண்டு. தாய் மரமாம், தம்பி.

"தாய்க்குப் பவுடர் பூசி வைத்தால் எனக்கு எப்படித் தெரியும்?" என்று உன் உடைந்த சிங்களத்தில் கேட்டாய். கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று பின்னேரமே இராணுவ முகாமிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். சண்டைக்காலத்தில் காட்டுக்குள் கோடரியோடு இரண்டு தமிழர். அவள் ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருந்தால் நாம் கொழும்பு திரும்பியிருக்க மாட்டோம். "நம்ம ஆட்கள். நான்தான் கூப்பிட்டேன்," என்று சொல்லி அனுப்பினாள்.

கொஞ்ச நாளில் முதலாளி ஒரு லொறி ஆட்களோடு வந்து இறங்கினார். "எல்லாப் பங்கையும் வெட்டு. நாளைக்கு ஆமி பாதையை மூடினால் என்ன செய்வாய்?" நீ சரியென்று தலையை ஆட்டினாய். விடியும்போது பார்த்தால் நீயும் சோமாவதியும் அடுத்த பங்கில் கன்றுகளையும் விடாமல் வெள்ளை பூசி முடித்திருந்தீர்கள்.

லொறி ஆட்கள் நம்மைப் போல விறகுகாலைக்காரர்கள். "முதலாளி, இதெல்லாம் யாருக்கோ விலைப்பட்டது. தொட்டால் முகாமில்தான் போய் நிற்க வேண்டும்," என்று கோடரியைக் கீழே வைத்தார்கள். முதலாளி உன் கையைப் பார்த்தார். வெள்ளை. அதோடு உன் வேலை போனது.

பிறகு நீ துறைமுகத்தில் மூட்டை தூக்கினாய், இருமினாய், பொரளை மயானத்தில் போய்ப் படுத்துக்கொண்டாய். அதுவரைக்கும் யார் கேட்டாலும், "வேலைதானே போனது, மரம் நிக்குது," என்பாய்.

இப்போது அந்த மரங்களை நாடா பிடித்து அளக்கிறார்களாம். மரம் காற்றிலுள்ள கரியை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளுமாம். நிற்கிற மரத்துக்கே ஊருக்குக் காசு வருகிறதாம். மகள் அதைக் காபன் என்கிறாள். கரியை உடுப்பில் பார்த்தவர்கள் நாம். நல்ல செய்திதான் மச்சான். சந்தோஷப்படவும் இப்போது களைப்பாக இருக்கிறது.

அங்கே போய் வந்த ஒருவரிடம் விசாரித்தேன். முதலாளி கண்ணை மூடிவிட்டார், லொறி ஆட்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஆனால் தாய் மரங்களுக்கு இன்னும் வெள்ளை பூசுகிறார்களாம். யார் என்று கேட்டேன். பார்வை போன ஒரு கிழவியாம். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் பட்டையைத் தடவிப் பார்த்து அவளே பூசுவாளாம்.

சோமாவதி.