கப்பல் வரிசையில் என் சிபாரிசு

16 ஜூன், திங்கள்
காலை வெயில், மதியம் தூறல். துணி எடுத்தாயிற்று. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மலர் வேலையிலிருந்து வந்து சாப்பிடவில்லை. துறைமுகத்தில் எந்தக் கப்பல் எப்போது கரை சேர வேண்டும் என்று வரிசை போடுவது என் மகளின் வேலை. போன வாரம் பெரிய கம்பெனிக் கப்பல் ஒன்று முந்தப் பார்த்தது. இவள் விடவில்லை. முன்னால் நின்றது பெண்டாங் வயல்களுக்கு உரம் கொண்டுவந்த சின்னக் கப்பல். இப்போது இவள்மேல் புகார். வெள்ளிக்கிழமை விசாரணை. வரிசை போடும் மேசையை விட்டே இவளைத் தூக்கிவிடலாம்.

"முந்தணும்னா காரணத்த எழுதிக் குடுங்க, எல்லாரும் படிக்கிற மாதிரி ஒட்டுறேன்னு சொன்னேன்மா. அதுக்குத்தான் கோவம் லா."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். கிளினிக்கில் மூச்சுத் திணறுகிறவரை முன்னே விடுகிறோம். யாரும் முணுமுணுப்பதில்லை. காரணம் கண்ணெதிரே.

17 ஜூன், செவ்வாய்
புழுக்கம். பத்து மணிக்கு நஸீரைப் போனில் கூப்பிட்டேன். பாடாங் செராய் பள்ளியில் என்னிடம் நான்காம் ஆண்டு படித்தவன். இப்போது துறைமுக வாரியத்தில். விசாரணைக் குழுவிலும் இருக்கிறான்.

"எம் பொண்ணு நேர்மையானவ. கொஞ்சம் பாத்துக்கப்பா." அவ்வளவுதான் சொன்னேன்.

 அவன் சொன்னான்: "டீச்சர், நீங்க கூப்பிட்டத நான் சொல்லியாகணும். இனிமே அந்தக் குழுவுல நான் உக்கார முடியாது."

கோழிக்குத் தீனி வைக்கவே மறந்துபோனேன்.

18 ஜூன், புதன்
மலரிடம் சொல்லிவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"துறைமுக விதிய முழுசாப் படிச்சவரு அந்தக் குழுவுல அவரு ஒருத்தர்தாம்மா."

கத்தியிருந்தால் தேவலை. பிறகு, "டீச்சரம்மாவே ஆளப் புடிச்சு கேபிள் போட்டுட்டீங்களே" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பள்ளியில் கேன்டீன் நடத்துகிறவரையே சமையலறைச் சுத்தம் பார்க்கச் சொல்ல மாட்டோம். துறைமுகமும் அப்படித்தான் என்பாள் மலர். சரக்கு இறக்கிச் சம்பாதிப்பவர் ஒருவர், விதியைக் காப்பவர் வேறொருவர். எத்தனை முறை தலையாட்டிக் கேட்டிருப்பேன். என் பிள்ளை என்றதும் ஒன்றும் நினைவில்லை.

20 ஜூன், வெள்ளி
நல்ல மழை. ஐந்தரைக்கு வந்தாள். அவள் போட்ட வரிசை சரி என்று முடிவு. உரக் கப்பலுக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் மூன்று மாதம் அந்த மேசையில் இவள் உட்காரக் கூடாது; ஆவண அறையில் வேலை. தனக்காக வெளியிலிருந்து சிபாரிசு வந்தவர் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கக் கூடாதாம்.

"என்னாலதானே?"

"ஆமாம்மா." மறைக்கவில்லை. "வேணாம்னு கெஞ்சியிருந்தா விட்டிருப்பாங்க. போன வருஷம் அந்த விதிய எழுதினதே நான்தான் லா. கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

தலை நனைந்திருந்தது. துண்டெடுத்துத் துவட்டினேன். முப்பத்து நான்கு வயது; குனிந்து கொடுத்தாள்.

ஆவண அறை எட்டரைக்குத்தான் திறப்பார்களாம். திங்கள் முதல் காலையில் என்னோடு உட்கார்ந்து தோசை சாப்பிடுவாள்.