இடது சில்லுக்கு ஒரு செருப்பு

ஓலைத்தொடுவாய்
09.09.2025

அன்பின் மில்ரன் அண்ணாவுக்கு,

அம்மாவின் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. அப்பா கடலுக்குப் போய் வருகிறார். எல்லோரும் நித்திரையான பிறகு, போர்வைக்குள் ரோச் பிடித்து இதை எழுதுகிறேன். உங்கள் நம்பரை அழித்த அப்பா இரவில் என் போனையும் வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் கடிதம். என் வகுப்பு றினோஸா தபாலில் போடுவாள். பதிலையும் அவள் வீட்டுக்கே அனுப்புங்கள்.

ஒன்று சொன்னால் ஏசக்கூடாது. நான் நடமாட நீங்கள் வாங்கித்தந்த சில்லுக்கதிரை இப்போது வீட்டில் இல்லை. கரண்ட் எடுக்கிற காற்றாலைக் காத்தாடி வேண்டாம் என்று சனம் மன்னார்ச் சந்தியில் போராட்டம் இருக்கிறது. எனக்கு முதுகுப் புண் ஆறவில்லை, அரை மணித்தியாலம்கூட இருக்க ஏலாது. எனவே என் இடத்துக்குக் கதிரையை அனுப்பினேன். றினோஸாவின் அண்ணன் ஷமீர் நானா ஓட்டோவில் கொண்டுபோனார். "பெற்றிசியா, ஓலைத்தொடுவாய்" என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். போன மாரியில், காத்தாடி நட மண் நிரவியதால் வெள்ளம் வடியாமல் அந்தக் கதிரை முற்றத்தில் புதைந்து, நான் பள்ளிக்குப் போகாமல் கிடந்தேனே, அதற்காகத்தான். அம்மா என்னைத் தூக்கும்போது முணுமுணுக்கிறா. ஆனால் கதிரையைத் திருப்பிக் கேட்கவில்லை.

பயம் ஒன்றுதான். காத்தாடி இறக்கைகளை லொறிகளில் இரவிலே கொண்டுவருவார்களாம். நீங்கள் காத்தாடிக் கொம்பனிக்கு லொறி ஓட்டப் புறப்பட்ட அன்று அப்பா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அந்த லொறியில ஏறினா இந்தப் படியில ஏறாதை." மன்னாருக்கு வரும் லொறியில் நீங்கள் இல்லை என்று எழுதுங்கள்.

தங்கச்சி பெற்றி


திருகோணமலை
20.09.2025

அன்புத் தங்கச்சி,

ரோச் வெளிச்சத்தில் கண்ணைக் கெடுக்காதே. ஏசமாட்டேன்; கதிரை உன்னுடையது. ஆனால் இடது பிறேக் பிடிக்காது என்று அவர்களிடம் சொன்னாயா? நானென்றால் செருப்பைக் கழற்றி அந்தச் சில்லுக்கு அணை கொடுப்பேன். மன்னார்க் காற்றுக்கு அது உருண்டு போகும்.

அப்பாவின் ஒரு படகில் இரண்டு பேர் பிழைக்க முடியாது என்றுதான் இங்கே வந்தேன். மன்னாருக்கு என்னைப் போடவேண்டாம் என்று கொம்பனிக் கந்தோரில் கேட்டிருக்கிறேன். "பாப்பம்" என்றார்கள். நான் வரமாட்டேன், நம்பு. நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வருவேன், அப்பா விட்டால்.

அண்ணா மில்ரன்


ஓலைத்தொடுவாய்
05.10.2025

அன்பின் அண்ணாவுக்கு,

நீங்கள் எழுதியும் பிறேக்கைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

வியாழன் இரவு லொறிகள் வந்தன. பொலிஸ் ஆட்களை ஓரமாக்கிய பிறகும் என் கதிரை நடுறோட்டில் நின்றதாம். முதல் லொறி அதன் முன்னால் வந்து நின்றுவிட்டது. தொப்பியைக் கண்வரை இழுத்திருந்த சாரதி இறங்கி, மட்டையை வாசித்து, கதிரையை மெதுவாக ஓரத்துக்குத் தள்ளினார். அதனருகில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். பிறகு ஏறிப் போய்விட்டார். "நல்ல மனுசன் போல, உடைக்காம வச்சிட்டுப் போறான்" என்று ஷமீர் நானா சொன்னார்.

மறுநாள் கதிரை வீட்டுக்கு வந்தது. இடது சில்லுக்குக் கீழே கிடந்ததென்று ஒற்றைச் செருப்பையும் அதில் போட்டு அனுப்பியிருந்தார்கள். யாரோ அவசரத்தில் விட்டுப்போனது என்று நினைத்துச் சிரித்தார்களாம். அண்ணா, அதன் அறுந்த வாரை அப்பாவின் நீல வலைநூலால் தைத்தது நான்.

அதைப் பாய்க்குக் கீழே ஒளித்துவிட்டேன். நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கமாட்டேன். சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள்.

பெற்றி


ஓலைத்தொடுவாய்
27.12.2025

அன்பின் அண்ணா,

ஒவ்வொரு முறையும் றினோஸா வெறுங்கையோடு வருகிறாள். நத்தாருக்கு உங்கள் கோப்பையையும் அம்மா கழுவி வைத்தா. நீங்கள் வரவில்லை.

மட்டையில் என் பெயரை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று சில இரவுகளில் நினைக்கிறேன். விடிந்தால் முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது. கதிரை நாளைக்கு மறுபடியும் சந்திக்குப் போகிறது. பிறேக்கைப் பற்றி இந்த முறை சொல்லிவிட்டேன். ஷமீர் நானா கல் வைப்பார்.

நேற்று அம்மா பாயை உதறியபோது செருப்பு வெளியே விழுந்தது. அப்பா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீல நூலை விரலால் தடவினார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். வெளியே போய், வாசற்படியில், தன் செருப்புகளுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

இன்னும் அங்கேதான் இருக்கிறது. மற்றதைப் போட்டுக்கொண்டு வாங்கோ.

பெற்றி