ரெண்டும் கைக்கு எட்டும்

என்னங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாப்பிட்டுட்டுத்தான் வலி மாத்திரை. வெறும் வயித்துல போட்டுடாதீங்க. உங்க மேஸ்திரி மத்தியானம் பார்க்க வர்றாராம். சாவி வெளியில மீட்டர் பெட்டி மேல இருக்கு. அவரே திறந்துக்கட்டும், போகும்போது அங்கேயே வச்சிடச் சொல்லுங்க.

நேத்து ஒரு டம்ளர் தண்ணிக்குக்கூட எழுந்திரிக்க முடியலன்னு என்னைக் கூப்பிட்டீங்க. காலையில பெருக்கப் போனா ஸ்டூல் பரணுக்குக் கீழ நிக்குது, நான் மேல ஒளிச்சு வச்ச பாட்டில்ல பாதியைக் காணோம். சாரத்துல இருந்து விழுந்து, கம்பி வச்சு தச்ச காலோட ஏறியிருக்கீங்க. பெயிண்டர்னா பெயிண்டர்தான்!

சண்டை போட எனக்குத் தெம்பில்ல. "குடிச்சிட்டே இருந்தா எலும்பு கூடுறதுக்கு ரொம்ப நாளாகும்மா"ன்னு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டி என்கிட்ட சொல்றாரு. நானா குடிக்கிறேன்?

ஸ்டூலைப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டேன். இன்னொரு காலாவது மிஞ்சட்டும். பாட்டிலைக் கொட்டல. கட்டிலுக்கு வலது பக்கம் வச்சிருக்கேன். இடது பக்கம் வாக்கர் நிக்குது. ரெண்டும் கைக்கு எட்டும்.

வேலைக்கு நேரமாச்சு. வரேன்.

மறந்துட்டேன், ஃபேன் ரெண்டுலயே ஓடட்டும். மூணுல வச்சா உங்களுக்குக் கால் குடையும்.

இன்னொண்ணு. "அப்பா எப்ப நடப்பாரு?"ன்னு ஸ்கூலுக்குக் கிளம்பும்போது சின்னவ கேட்டா. அப்பாகிட்டயே கேளுன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு எனக்கு முன்னாடி அவதான் வீட்டுக்கு வருவா.