வெள்ளிக்கிழமை கவிழ்த்த டிரம்

18 பிப்ரவரி, செவ்வாய்

குளிக்க எட்டுக் குவளை போதும் என்று எத்தனை தடவை சொல்வது? இவர் பைப்பைத் திறந்துவிட்டுப் பாட்டுக் கேட்டபடி பல் தேய்க்கிறார். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து தண்ணீர்தான் என் தலைவலி. அவர் முதுகுப் புண்ணைத் தினம் இரண்டு வேளை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் ஊர் புக்கிட் ரோத்தானில் பைப்பு எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

20 பிப்ரவரி, வியாழன்

சிக்கனமாக இருங்கள் என்றால் நீல டிரம் வாங்கி வந்து நிற்கிறார்! கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குக் கீழே வைத்து, கொசு புகாமல் வலையும் கட்டியாயிற்று. "மழ சும்மாதான வருது ஷாமளா, அத புடிச்சா போதும் லா." வானம் வெளுத்துக் கிடக்கிறது.

25 பிப்ரவரி, செவ்வாய்

மழை. டிரம் நிரம்பிவிட்டது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு எரிச்சல்தான்.

28 பிப்ரவரி, வெள்ளி

காலையில் சாமி மேடை, ஹால், முன்வாசல் எல்லாம் கழுவினேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஒரு வெள்ளி விட்டதில்லை. பைப்பைத் தொடவில்லை. சும்மா வந்த தண்ணீர்தானே என்று டிரம்மிலிருந்தே மொண்டு மொண்டு ஊற்றினேன். காலி டிரம்மையும் தேய்த்து, சுவரோரம் கவிழ்த்தேன். அவ்வளவு நிறைவாக இருந்தது.

மாலையில் போனில் செய்தி. பெரிய குழாய் உடைந்ததாம், மூன்று நாளைக்குத் தண்ணீர் இல்லையாம். ஓடிப்போய்ப் பைப்பைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. எட்டுக் குவளை, எட்டுக் குவளைன்னு வாய் கிழியக் கத்துனவ நான்தானே? ச்சே!

1 மார்ச், சனி

தண்ணி லோரி வரவில்லை. இருந்தது இரண்டு வாளி. சோறு ஆக்கி, புண்ணைக் காலையில் மட்டும் கழுவினேன். சாயங்காலம் ஈரத்துணியால் ஒற்றியபோது மாமா முனகினார். "பரவால்லம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்." அதான் தாங்க முடியல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். இவரும் திட்டவில்லை.

2 மார்ச், ஞாயிறு

லோரி வந்தது. இவர் ஆறு வாளி தூக்கி வந்தார். புண் சிவந்திருக்கிறது. நாளை கிளினிக்.

7 மார்ச், வெள்ளி

புண் ஆறி வருகிறது. வீட்டைக் கழுவவில்லை. ஒரு வாளித் தண்ணீர், பிழிந்த துணி, அதோடு சரி. சாமி மேடையையும் அப்படியே துடைத்தேன். விளக்கேற்றும்போது ஒரு மாதிரியாக இருந்தது. ஏற்றினேன்.

நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. இவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நானே போய் டிரம்மை நிமிர்த்திக் கூரைக் குழாய்க்கு நேராக வைத்தேன்.