பதினாலு மில்லிமீட்டர்

பன்வில
03.02.2025

அன்புத் தங்கச்சி பாலம்மாவுக்கு,

நானும் பேத்தி யசோதினியும் ஏதோ இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி? போனில் பேசினால் பழசெல்லாம் வாய்க்கு வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

என் சிறுநீரகத்தில் பதினாலு மில்லிமீட்டர் கல்லாம். சின்னது என்றால் தானாக விழும், இந்தப் பெரிசு விழுவது கஷ்டம், ஒப்பரேசன் செய்யணும் என்கிறார் கண்டி டாக்டர். நானா போய்ப் படுப்பேன்? எண்பத்தெட்டாம் வருசம் அம்மா ஒப்பரேசனுக்கு நீ கையெழுத்துப் போட்டாய். மூன்றாம் நாள் பிணமாக வந்தாள். உனக்குக் கைகூட நடுங்கவில்லை.

கல் கரையுமென்று பொல்பலா என்கிற சிறுபீளை இலையை அவித்துக் குடித்து வந்தேன். நேற்று மூத்திரத்தைத் துணியில் வடித்துப் பார்த்தால், கல் விழுந்து கிடக்கிறது. தாளில் மடித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், நீயே பார்.

அக்கா அங்கம்மா


ஹுன்னஸ்கிரிய
09.02.2025

என் அக்காவுக்கு,

கல் பத்திரமாக வந்தது. நாற்பது வருசம் அரிசி புடைத்தவள் நான். இது அரிசிக் கல். வடித்த துணி, பழைய அரிசிப் பையைக் கிழித்ததுதானே? உதறியிருக்க மாட்டாய்.

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிறகு அழுதேன். நீ வலியில் சுருண்டு கிடப்பதை யசோதினி சொன்னாள். அம்மாவின் வயிற்று வலிக்கும் நீ எட்டு நாள் கசாயம் கொடுத்துப் பார்த்தாய். பிந்திக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னது, எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற உனக்கு மறந்துபோச்சா?

இப்போது வயிற்றைக் கிழிப்பதில்லையாம், மூத்திர வழியாகவே குழாய் விட்டுக் கல்லை உடைக்கிறார்களாம். கூட நிற்க வருவேன். ஆனால் நீ ‘வா’ என்று எழுதணும். கூப்பிடாமல் வரமாட்டேன், ரோசத்தில் நானும் உன் தங்கச்சிதான்.

பாலம்மா


கண்டி ஆஸ்பத்திரி
15.02.2025

பாலு,

எனக்கு வலி தாங்காமல் போக, யசோதினி இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். அடுத்த வெள்ளி ஒப்பரேசன். டாக்டர் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். நான் மூன்றாம் வகுப்புக்காரி, பெயரில் பாதி கோட்டுக்கு வெளியே போய்விட்டது. கை அப்படி நடுங்கியது.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு உன் கையும் நடுங்கியது. பேனா இரண்டு தரம் கீழே விழுந்தது. எடுத்துத் தந்தவள் நான். முப்பத்தேழு வருசமாக ஊரெல்லாம் மாற்றிச் சொன்னேன்.

கசாயம் கொடுத்தது எட்டு நாள் இல்லை, ஒன்பது நாள். எனக்கு மறக்காது.

வா. உன் மகன் கறுப்பையா கலியாணத்துக்கு நீ இரவல் வாங்கிக்கொண்டு போன என் சால்வையையும் கொண்டுவா. ஆஸ்பத்திரி வாட்டில் குளிருகிறது.

அக்கா