அந்தத் துடைப்பப் பாட்டு

மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் விழுந்து காரம் மூக்கில் ஏறினால் நீ இருமுவாய். இருமிக்கொண்டே, "இன்னும் ரெண்டு போடுக்கா" என்பாய். இன்றைக்குச் சாயங்காலம் அந்தக் காரம் எழுந்த நேரத்தில், பம்மல் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே நீ பாடிய துடைப்பப் பாட்டு. டிரைவர் தலையை நீட்டி, "யக்கா, உன் பாட்டு ஓடுது பாரு!" என்று கத்தினான். நானும் கரண்டியை ஓங்கி, "ஓரமா நிறுத்து. இல்லாங்காட்டி உனக்கும் கீது" என்றேன். ஆட்டோவே சிரித்தது. நீ காமாலையில் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, கண்ணு. இந்தச் சிரிப்பு மட்டும் முடியவில்லை. நான் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது நீ காலேஜ் பெண். தாம்பரத்தில் கச்சேரிக் குழுவோடு பாடிவிட்டு, பஸ் இறங்கி நேராக என் வண்டிக்கு வருவாய். ஒருநாள் என் கன்னம் வீங்கியிருந்தது. "இன்னாக்கா இது?" என்றாய்.

நான் சும்மா இருப்பேனா? "இத்த உடு, எம் புருசன் மூஞ்சியப் போய்ப் பாரு. குடிச்சிட்டு வந்து கைய ஓங்குனாரு. எடுத்தேன் தொடப்பத்த. தெருமுனை வரிக்கும் வெளுத்துக்கினே போனேன். லுங்கி ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம்!" என்று நடித்தே காட்டினேன். பஜ்ஜி வாங்க நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நீயும் சிரித்தாய். பிறகு பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ்கட்டி வாங்கி, கைக்குட்டையில் சுற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனாய்.

நான் சொன்ன கதை அப்புறம் உன் பாட்டாகி வந்தது. செல்போனில் எடுத்த வீடியோதான், ஊரெல்லாம் ஆடியது. சினிமாக்காரர்கள் அதை வாங்கி, உன்னையே ஆடவும் வைத்தார்கள். திரையில் நீ துடைப்பத்தோடு வந்ததும் பொம்பளைகள் விசிலடித்தார்கள். சனியும் அங்கேதான் பிடித்தது. புருஷனை அடிக்கச் சொல்லித்தருகிறாள் என்று உன் போஸ்டருக்குச் செருப்பு மாலை போட்டார்கள். வழக்கும் போட்டார்கள். மன்னிப்புக் கேள் என்றார்கள். நீ கேட்கவில்லை. பேசி வைத்திருந்த படங்கள் கை நழுவின.

டிவியில் ஒருவர் உன்னை மடக்கினார்: "இப்படி ஒரு பொம்பளை நிஜமாவே இருக்காங்களா? இல்ல, பரபரப்புக்காக நீங்களா எழுதினதா?"

"எங்க ஏரியாவுல ஒரு அக்கா கீறாங்க சார். அவங்க அப்படித்தான்" என்றாய்.

அடித்தவள் கன்னம் ஏன் வீங்கும்? சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும். உனக்கு விளங்காமலா இருந்திருக்கும்? அப்புறம் நீ முகத்தில் துப்பட்டா சுற்றிக்கொண்டு வந்தபோது, "ஏண்டி அப்படிச் சொன்னே?" என்றேன். "நீ சொன்னதைத்தானே சொன்னேன்" என்றாய். மேற்கொண்டு பேசவிடாமல் பஜ்ஜியைக் கடித்து இருமினாய்.

அந்தப் பாட்டு டிவியில் ஓடிய நாட்களில்தான் அந்த ஆள் என்னை ரொம்ப அடித்தார். "ஊரே என்னப் பாத்து சிரிக்குது" என்பார். கதவைச் சாத்திக்கொண்டு வாங்கினேன். வெளியே வந்து, வேண்டும் என்றவர்களுக்கெல்லாம் துடைப்பம் ஓங்கி நடித்துக் காட்டினேன். அவர் போய்ச் சேர்ந்தபோதுகூட, பாடைக்குப் பக்கத்தில் யாரோ அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

இன்றைக்கு ஆட்டோ கிளம்பியதும் கோமதி வந்தாள். பின்தெருவுக்கு வாழ வந்த புதுப்பெண். எரிகிற வெயில் காலத்திலும் முழுக்கை ஜாக்கெட். பஜ்ஜி வேண்டாம் என்றாள்.

"அக்கா, கைல தொடப்பத்த எப்டிக்கா எடுத்தீங்க? அந்த நேரத்துல இன்னா நெனச்சீங்க? எனக்குக் கையே எழும்ப மாட்டுது. நான் பொறந்ததே கோழையாதான்க்கா."

வாய் வரைக்கும் கேலி வந்துவிட்டது. அவள் சட்டினிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேலியை விழுங்கினேன்.

"நான் எடுக்கலடி."

"இன்னாது?"

"ஒரு நாளும் எடுக்கல. அடி வாங்குனது நானு. மத்ததெல்லாம் வெறும் வாயி."

நின்றவர்கள் மென்றதை நிறுத்தினார்கள். ஜூஸ் கடைக்காரர் மிக்சியை அணைத்தார். துணியில்லாமல் தெருவில் நின்றதுபோல இருந்தது எனக்கு. யாரோ ஒருவன் சிரிக்கப் பார்த்தான். துணைக்கு ஆள் சேரவில்லை.

கோமதி அழவில்லை. வண்டிக்கு இந்தப் பக்கம் வந்து என்னோடு நின்றாள். "எங்கம்மா கேளம்பாக்கத்துல கீறாங்க. தனியா போறதுக்கு பயமா கீது" என்றாள்.

நல்ல வியாபார நேரம். அடுப்பை அணைத்தேன். ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போய், கேளம்பாக்கம் பஸ்ஸில் அவளை உட்காரவைத்தேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக, "அந்தப் பாட்டு பாடுன அக்காவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

இந்நேரம் பம்மல் பூராவும் தெரிந்திருக்கும். நாளைக்கு எந்த முகத்தோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன் என்று கூச்சமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு, கண்ணு. உன் போஸ்டருக்குச் செருப்பு மாலை விழுந்தபோது, "அந்தக் கதை என்னுது, அதுவும் பொய்யி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரையே கேலி பேசிய வாய். இதை இறக்கிவைக்க எனக்கு இடம் தெரியவில்லை.