கமலைப் பாட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

மதுரை வந்து சேர்ந்தேன். ரெட்டியார்சத்திரத்தில் பஸ்ஸில் நல்ல கூட்டம். அண்ணி கொடுத்த தக்காளி நசுங்கவில்லை.

நேற்று கிணற்றடியில் புது மோட்டாரை எனக்காகத்தான் போட்டுக் காட்டினீர்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. நான் என்ன சொன்னேன்?

"இது வெறும் இரைச்சல்ண்ணே. மாடு பூட்டிக் கமலை இறைக்கையில பாடுவீங்களே, அதுதான் சுகம்."

"கொழுந்தனாருக்குப் பாட்டு வேணுமாம்ல! வடத்தை இழுத்துக்கிட்டே கேக்கச் சொல்லுங்க," என்று அண்ணி சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாடத் தொடங்கினீர்கள்.

இரண்டாம் அடியில் உங்கள் கை தானாகத் தோளுக்குப் போனது. மாடு செத்த கோடையில் நீங்களும் அண்ணியும் மாட்டுக்குப் பதிலாகக் கமலை வடத்தைத் தோளில் போட்டு இழுத்தீர்கள். வடம் அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றும் பாடினீர்கள். நான் வரப்பில் புத்தகத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மீதி மறந்துபோச்சு அப்பு," என்றீர்கள், ஏதோ தப்புச் செய்தவரைப் போல.

மறந்ததே நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய்க்கால் வற்றிக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு வருகிறேன். நான் என்ன சொன்னாலும் மோட்டாரை நிறுத்தாதீர்கள்.

உங்கள் தம்பி